பழைய ரியோஹா பாட்டில முதல் தடவ திறக்கப் போறீங்களா? அவசரப்படாம இப்படிப் பண்ணுங்க

யாரோ கிஃப்டா குடுத்தாங்க, இல்ல ஏலத்துல ஆசப்பட்டு நீங்களே எடுத்துட்டீங்க, 20 வருஷப் பழைய ஒயின் பாட்டில் ஒண்ணு அலமாரியில உக்காந்துட்டு உங்களையே பாத்துட்டு இருக்கு, திறக்கவும் பயமா இருக்கு சும்மா விடவும் மனசு வரலன்னா இந்தப் பதிவு உங்களுக்குத்தான். நான் இங்க எடுத்துக்கப்போறது ஸ்பெயின்ல ரியோஹா பக்கத்து ரெட் ஒயின், அதுலயும் கிரான் ரெசர்வா. பழைய ஒயின் குடிச்சுப் பழக இதவிட கைக்கு அடக்கமான வழி எனக்குத் தெரியல, பிரான்ஸ்ல போர்தோ பக்கம் பேர் போன ஒயின் கம்பெனியோட பாட்டில இதே வயசுல வாங்கணும்னா பர்ஸ் கிழிஞ்சிரும்.

ரியோஹால ஒரு நல்ல வழக்கம் என்னன்னா, பழசாக்குற வேலைய பாதிக்கு மேல அவங்களே பண்ணிட்டுத்தான் விக்க விடுவாங்க. கிரான் ரெசர்வான்னு லேபிள்ல போடணும்னா மொத்தம் 5 வருஷம் வச்சிருக்கணும், அதுல குறைஞ்சது 2 வருஷம் ஓக் பீப்பாய்ல. ஆரோ ஊர்ல 1877-ல ஆரம்பிச்ச லோபெஸ் தே எரேதியா மாதிரி பழைய ஒயின் கம்பெனிக்காரங்க இந்தக் கணக்கெல்லாம் தாண்டி இன்னும் ரொம்ப வருஷம் வச்சிருந்துதான் வெளிய விடுவாங்க.

ஸ்டெப் 1: திறக்குறதுக்கு முன்னாடி பாட்டில பாருங்க

பின்பக்கம் ஒரு சின்ன முத்திரை ஒட்டியிருக்கும், கிரான் ரெசர்வான்னா கருநீலம், அதவிட கம்மி காலம் வச்ச ரெசர்வான்னா ஒயின் கலர், அதவிடவும் கம்மியா வச்ச கிரியான்சான்னா சிவப்பு. அடுத்து வருஷம், அதாவது திராட்ச அறுத்த வருஷம். 1964, 1994, 2001, 2004, 2010 இதெல்லாம் அங்கத்த ஒழுங்குமுறைக் குழு உச்ச மார்க் போட்ட வருஷங்க. சில பாட்டில்ல தங்கக் கலர்ல கம்பி வல சுத்தியிருக்கும், அந்தக் காலத்துல காலி பாட்டில்ல மட்டமான சரக்க ஊத்தி வித்துருவாங்கன்னு போட்ட பூட்டு அது, இப்ப வெறும் அலங்காரம், கட் பண்ணி எடுத்துரலாம்.

முக்கியமானது ஒயின் எந்த மட்டத்துல நிக்குதுங்கறது. கார்க் வழியா வருஷக்கணக்குல கொஞ்சம் கொஞ்சமா ஆவியாகும். 20 வருஷப் பாட்டில்ல கழுத்துக்குள்ளயோ கழுத்தோட அடியிலயோ நின்னா ரொம்ப சந்தோஷம், தோள்பட்டையோட மேல் பக்கம்னா பரவால்ல, தோளோட பாதிக்குக் கீழ எறங்கிருச்சுன்னா உள்ள காத்து நல்லா பூந்திருக்கு, ஆசைய குறைச்சுக்கங்க. தோள் இல்லாம சரிஞ்சு வர்ற பாட்டில்னா கார்க்குக்குக் கீழ எத்தன சென்டிமீட்டர்னு அளந்து பாருங்க. கார்க் மேல தூக்கிட்டு நிக்குது, ஃபாயில் ஓரமா பிசுபிசுன்னு ஒழுகின தடம் இருக்குன்னா அது எங்கயோ சூட்டுல கெடந்த பாட்டில்.

ஸ்டெப் 2: நிமித்தி வைங்க, மறந்துருங்க

படுக்க வச்சிருந்தத ரெண்டு நாள் முன்னாடியே நிமித்தி வைங்க. பழைய ரெட் ஒயின்ல துவர்ப்புச் சத்தும் நிறமியும் ஒண்ணோட ஒண்ணு கோத்துக்கிட்டு கனமாகி மண்டியா அடியில எறங்கும், ரசம் தெளியற மாதிரிதான், ஆட்டுனா கலங்கிரும். குடிச்சா ஒண்ணும் ஆகாது ஆனா நாக்குல மண்ணு மாதிரி கரகரன்னு கசக்கும். ரியோஹால பழைய முறைக்காரங்க ஆறு மாசத்துக்கு ஒரு தடவ மெழுகுவத்தி வெளிச்சத்துல ஒரு பீப்பாய்லருந்து இன்னொண்ணுக்குத் தெளிவ மட்டும் மாத்திட்டே இருக்கறதால இதுல மண்டி கம்மியாத்தான் இருக்கும்.

குடிக்கறப்ப 16-லருந்து 18 டிகிரி இருந்தா போதும். ஹீட்டர் போட்ட ரூம்ல வச்சு அப்படியே ஊத்தாதீங்க, ஆல்கஹால் வாசம்தான் முன்னாடி வந்து நிக்கும், ஒரு 20 நிமிஷம் நிமித்துன வாக்குலயே ஃப்ரிட்ஜ்ல வைங்க.

ஸ்டெப் 3: கார்க்

இங்கதான் நான் அசிங்கப்பட்டேன். முதல் பழைய பாட்டில் 2001, சாதாரண திருகு ஓப்பனர எடுத்து ஒரே இழுப்பு, மேல் பாதி என் கையில, கீழ் பாதி கழுத்துக்குள்ளயே. பதட்டத்துல அத உள்ள தள்ளிவிட்டு டீ வடிகட்டியில ஊத்துனேன், வந்திருந்தவங்க முகத்த இப்ப நெனச்சாலும் சிரிப்பு வருது.

பழைய கார்க் ஊறிப்போய் பழைய கேக் மாதிரி உதிரும். அதனால திருகு இல்லாம ரெண்டு தட்டக் கம்பி இருக்கற ஓப்பனர் ஒண்ணு வாங்கி வச்சுக்கங்க, ஆ-சோன்னு கேட்டா குடுப்பாங்க. நீளமான கம்பிய முதல்ல கார்க்குக்கும் கண்ணாடிக்கும் நடுவுல எறக்கி, அடுத்தத எறக்கி, இடது வலதுன்னு லேசா ஆட்டிட்டே முழுசா உள்ள விட்டுட்டு அப்புறம் திருகிட்டே மேல தூக்கணும், அவசரப்பட்டு கீழ அமுக்குனா கார்க்கு உள்ள போயிரும். ஃபாயிலுக்கு அடியில கறுப்பா பூஞ்சை இருந்தா பயப்படாதீங்க, ஈரமான செல்லார்ல, அதாவது ஒயின் வைக்கற குளுகுளு நிலவறையில, இருந்ததுக்கு அடையாளம் அது, ஈரத்துணியால தொடச்சா போதும்.

ஸ்டெப் 4: ஊத்துறது

பழசுன்னாலே டிகாண்டர்ல ஊத்தி மூணு மணி நேரம் மூச்சு விட விடணும்னு யாராவது சொன்னா தலையாட்டிட்டு வந்துருங்க. அது சின்ன வயசு முரட்டு ஒயினுக்கு. 25, 30 வருஷப் பாட்டில அப்படிப் பண்ணா வாசமெல்லாம் அந்தக் கண்ணாடிக் குடுவையிலயே போயிரும். நான் பண்றது: திறந்த உடனே ஒரு வாய் அளவு ஊத்தி மோந்து பாப்பேன், நல்லாருந்தா பாட்டில சாய்ச்ச வாக்குலயே எல்லா கிளாஸுக்கும் ஒரே மூச்சுல மெதுவா ஊத்திருவேன், நடுவுல நிமித்தி நிமித்தி சாய்ச்சா மண்டி அல மாதிரி மேல வரும். மண்டி நிறைய இருந்தா மட்டும் டிகாண்டர், கழுத்துக்குப் பின்னாடி ஃபோன் டார்ச்ச வச்சுப் பாத்துட்டே ஊத்தி, கறுப்பு இழ கழுத்துக்கு வந்ததும் நிறுத்திருங்க.

ஸ்டெப் 5: மோந்து பாக்குறது

கிளாஸ வெள்ளப் பேப்பர் மேல சாய்ங்க. நடுவுல மாணிக்கக் கலரும் ஓரத்துல செங்கல் கலரும் தெரியும், அது வயசு. முழுக்க பழுப்பா காப்பித் தண்ணி மாதிரி இருந்தா சந்தேகப்படுங்க.

முதல் அஞ்சு நிமிஷம் எந்தத் தீர்ப்பும் குடுக்காதீங்க. இத்தன வருஷம் அடைஞ்சு கெடந்தது, பூட்டுன வீட்டத் திறந்த மாதிரி ஒரு முட வாடை வரும். அரை மணி நேரத்துல அது போயிரும். போகாம, நேரம் ஆக ஆக நனைஞ்ச அட்டப்பெட்டி, ஈரக் கோணிச்சாக்கு வாடை ஏறிட்டே போச்சுன்னா அது டிசிஏ, கார்க்லருந்து வர்ற ரசாயனம், லிட்டருக்கு சில நானோகிராம் இருந்தாலே மூக்குக்குத் தெரியும், ஒண்ணும் பண்ண முடியாது. வெட்டி வச்சுக் கறுத்துப்போன ஆப்பிள் வாசம்னா காத்து பட்டுருச்சு. லேசா நெயில் பாலிஷ் மாதிரி வந்தா பழைய ரியோஹால நான் கண்டுக்க மாட்டேன், வினிகரா மாறுனாத்தான் பிரச்சன.

நல்ல பாட்டில்னா என்ன வரும்? புத்தகத்துல போட்டிருக்கற பழம் பேரெல்லாம் தேடாதீங்க, பாதிப் பழத்த நாம சின்ன வயசுல சாப்பிட்டதே இல்ல. எனக்கு முதல்ல வந்தது கொப்பரைத் தேங்காய். வாய விட்டு சொல்லவே கூச்சமா இருந்துச்சு, அப்புறம்தான் தெரிஞ்சுது, ரியோஹால வழக்கமா அமெரிக்க ஓக் பீப்பாய் போடுவாங்க, தேங்காய் வாசம் குடுக்கற லாக்டோன் அந்த மரத்துல ஜாஸ்தி. கூடவே வெனிலா, சதகுப்பை. கொஞ்சம் விட்டுட்டு மோந்தா காஞ்ச அத்திப்பழம், புகையிலை, தோல் செருப்புக் கடை, மழ பேஞ்ச மறுநாள் மரத்தடியில மக்குன இலை. வாயில வச்சா துவர்ப்பு வெல்வெட் மாதிரி அடங்கியிருக்கும், புளிப்பு மட்டும் கெடாம நிக்கும், ரியோஹாவோட முக்கியத் திராட்சயான டெம்ப்ரானியோவ இத்தன வருஷம் தாங்கிப்பிடிக்கறதுல அந்தப் புளிப்புக்கு பெரிய பங்கு.

ஸ்டெப் 6: எழுதுங்க, ஆனா பாட்டிலப் பத்தியும் எழுதுங்க

நாங்க நாலஞ்சு பேர் மாசம் ஒரு தடவ கூடுவோம், அதுல மூத்தவர் ஒரு அண்ணன். நான் ஒரு நாள் "2001 செத்துப் போச்சுண்ணே, வாங்காதீங்க"ன்னு அடிச்சு விட்டேன். அவர் கேட்டது ஒண்ணே ஒண்ணுதான்: "தம்பி, வருஷம் கெடக்கட்டும், அது எங்க படுத்திருந்துச்சு?" கடக்காரர் ஜன்னல் பக்கம் வெயில்ல வச்சிருந்த பாட்டில் அது. அடுத்த மாசம் அவர் அதே ஒயின, அதே வருஷம், தன் செல்லார்ல 12, 13 டிகிரியில கெடந்தத எடுத்துட்டு வந்தாரு. ரெண்டுக்கும் லேபிள் மட்டும்தான் ஒண்ணு.

அதுலருந்து என் நோட்டு இப்படித்தான் இருக்கும்: "கிரான் ரெசர்வா 2001. மட்டம் கழுத்தடி. கார்க் முழுசா வந்துச்சு, கீழ் முனை மட்டும் ஈரம். 13 டிகிரி செல்லார். திறந்ததும் அடைஞ்ச வாடை, 20-வது நிமிஷம் போச்சு. ஒரு மணி நேரத்துல உச்சம், கொப்பரை, புகையிலை, புளிப்பு உயிரோட. ரெண்டு மணி நேரம் தாண்டி பழம் மங்குச்சு. இதே ஒயின் வச்சிருக்கறவங்க அஞ்சாறு வருஷத்துக்குள்ள குடிச்சிரலாம்." 100-க்கு இத்தனன்னு மார்க் போட மாட்டேன். 93-க்கும் 94-க்கும் என்ன வித்தியாசம்னு எனக்கு இன்னைக்கும் புரியல, ஆனா எத்தனாவது நிமிஷத்துல நல்லாருந்துச்சுன்னு சொன்னா அதே பாட்டில வச்சிருக்கறவர் சாப்பாட்ட எப்ப எடுத்து வைக்கலாம்னு முடிவு பண்ணிக்கலாம்.

சாப்பாடுன்னதும் ஞாபகம் வருது, காரசாரமா எதையும் பக்கத்துல வைக்காதீங்க, உப்பு மிளகு மட்டும் போட்டு வாட்டுன ஆட்டுக்கறி போதும், அந்த ஊர்க்காரங்களே திராட்சக் கொடி வெறகுல வாட்டி அதத்தான் சாப்பிடறாங்க. மிச்சம் வச்சு நாளைக்குக் குடிக்கலாம்னு நெனச்சா பழசு பெரும்பாலும் தாங்காது. அடியில நிக்கற ரெண்டு விரக்கட மண்டித் தண்ணிய மட்டும் கொட்டிராதீங்க, துணியில வடிகட்டி மறுநாள் கறி வேகறப்ப ஊத்திருங்க.