குளிர்காலத்துக்கு காஸ் பாபிகியூவை எப்படி மூடி வைப்பது?

ரொறன்ரோவின் குளிர் பாபிகியூவைக் கெடுக்காது. உள்ளே தங்கிய கொழுப்பும் உப்பும், கவருக்குள் அடைபட்ட ஈரமும்தான் கறள் பிடிக்க வைக்கின்றன. முதல் ஸ்னோவுக்கு முன், மழையில்லாத ஒரு பகலில் இதைச் செய்து முடியுங்கள்.

1. மூடியைச் சாத்தி, எல்லாப் பர்னர்களையும் முழுத் தீயில் 15 நிமிடம் எரிய விடுங்கள். ஆறியதும் கம்பித்தட்டைச் சுரண்டி, ஈரத்துணியால் துடையுங்கள். கம்பி பிரஷிலிருந்து உதிர்ந்த துண்டு தட்டில் ஒட்டியிருந்தால், பிறகு சாப்பாட்டோடு தொண்டைக்குள் போய்விடும். காய்ந்த தட்டில் சமையல் எண்ணெயை மெல்லியதாகப் பூசுங்கள்.

2. அடியிலுள்ள கொழுப்புத் தட்டை வெறுமையாக்கிக் கழுவிக் காயவிடுங்கள். அந்த வாசனைக்குத்தான் எலி வரும். வந்தால் ரப்பர் குழாயையும் கடிக்கும்.

3. சிலிண்டர் வால்வை இறுக மூடிவிட்டுக் குழாயைக் கழற்றுங்கள். குழாயின் வாயைப் பிளாஸ்டிக் பையால் மூடிக் கட்டுங்கள்.

4. பர்னர்களைக் கழற்றி, மெல்லிய பிரஷால் பர்னர் குழாயின் உட்புறத்தைத் துப்புரவாக்குங்கள். பலரும் இதைத் தவிர்க்கிறார்கள். ஆனால் மிக முக்கியமான வேலை இதுதான். சிலந்திகள் இந்தக் குழாய்க்குள் வலை கட்டும். காஸ் போக வழியில்லாமல் பின்னால் திரும்பி, தீயைக் கூட்டிக் குறைக்கும் குமிழ்கள் இருக்கும் பக்கமாகத் தீப்பிடிக்கும். மீண்டும் பூட்டியதும் காற்று நுழையும் வாயை அலுமினியத் தாளால் மூடுங்கள்.

5. முற்றாக ஆறிக் காய்ந்த பிறகே கவரைப் போடுங்கள். காற்றில் பறக்காதபடி பட்டியால் கட்டுங்கள், ஆனால் அடிப்பக்கம் திறந்திருக்கட்டும். நிலம்வரை இறுகச் சுற்றினால் ஈரம் வெளியேறாது.

பாபிகியூவைக் கராஜுக்குள் வைக்கலாம், சிலிண்டரை ஒருபோதும் வைக்கக்கூடாது. பேஸ்மன்டும் அப்படியே. சிலிண்டருக்குள் இருக்கும் புரோபேன் காஸ் காற்றைவிடக் கனமானது. கசிந்தால் தரையில் தேங்கி நிற்கும், அங்கே ஒரு சிறு பொறி போதும். சிலிண்டரை ஜன்னல், கதவுகளுக்குத் தள்ளி, வெளியே சமதரையில் நிமிர்த்தி வையுங்கள். புரோபேன் கொதிப்பது மைனஸ் 42 பாகையில் என்பதால் வழமையான குளிர் அதை ஒன்றும் செய்யாது. கழுத்து வளையத்தில் அடித்திருக்கும் தேதியையும் பாருங்கள்: கனடாவில் 10 வருடத்துக்கு மேல் என்றால் மறுபரிசோதனை இல்லாமல் நிரப்பமாட்டார்கள்.

வசந்தத்தில் அலுமினியத் தாளை எடுத்த பிறகே குழாயைப் பூட்டுங்கள். குமிழ்கள் மூடியிருக்க, வால்வை மெதுவாகத் திறக்க வேண்டும். சட்டென்று திறந்தால் பாதுகாப்புக் கருவி காஸைக் கட்டுப்படுத்தி, தீ சிறுத்துப்போகும். இணைப்புகளில் சவர்க்காரத் தண்ணீரைத் தடவுங்கள். நுரைத்துக் குமிழி வந்தால் வால்வை மூடி, இணைப்பை இறுக்குங்கள். திரும்பவும் வந்தால் பற்றவைக்க வேண்டாம், குழாயையும் ரெகுலேட்டரையும் (காஸ் அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் கருவி) மாற்றுங்கள்.