வம்ச வரலாற்றில் வாக்குத்தத்தத்தைத் தேடிப் படிப்பது எப்படி?

"பெற்றான், பெற்றான்" என்று போகும் அதிகாரத்தைப் பலரும் புரட்டிவிட்டுப் போய்விடுகிறோம். தேவன் சொன்னதைச் செய்வாரா என்று மனம் தடுமாறும் நாட்களில் நான் திறப்பது அந்தப் பக்கத்தைத்தான். இயேசுவின் வம்ச வரலாறு இருக்கும் மத்தேயு 1-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். கூடவே ஒரு நோட்டும் பேனாவும் போதும்.

படி 1: முதலில் வாக்குத்தத்தங்களை எழுதுங்கள்

ஆபிரகாமுக்குச் சொன்னது (பூமியின் வம்சங்களெல்லாம் அவனுக்குள் ஆசீர்வதிக்கப்படும்) ஆதியாகமம் 12:3-லும், தாவீதுக்குச் சொன்னது (அவன் சந்ததியின் சிங்காசனம் என்றென்றைக்கும் நிலைக்கும்) 2 சாமுவேல் 7:12-16-லும் இருக்கின்றன. இரண்டையும் நோட்டின் மேலே எழுதிவையுங்கள்.

படி 2: பெயர்களை மூன்று பத்தியாகப் பிரியுங்கள்

ஆபிரகாம் முதல் தாவீது வரை, தாவீது முதல் பாபிலோன் சிறையிருப்பு வரை, அங்கிருந்து கிறிஸ்து வரை. 17-ஆம் வசனமே இப்படித்தான் பிரிக்கிறது.

படி 3: அறுந்திருக்க வேண்டிய இடங்களைத் தேடுங்கள்

இதற்குத்தான் அதிக நேரம் கொடுக்க வேண்டும். 1 நாளாகமம் 3-ஐப் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டால், யோராமுக்கும் உசியாவுக்கும் நடுவே மூன்று ராஜாக்களை மத்தேயு விட்டிருப்பது தெரியும். அவர்களில் ஒருவன் யோவாஸ். அவனுடைய பாட்டி அத்தாலியாள் ராஜவம்சத்தார் எல்லாரையும் கொன்றபோது, கைக்குழந்தையான அவனை அத்தை யோசேபாள் தூக்கிக்கொண்டு போய் ஆறு வருஷம் ஆலயத்தில் ஒளித்துவைத்தாள் (2 இராஜாக்கள் 11). தாவீதுக்குக் கொடுத்த வார்த்தை அந்த ஒரு பிள்ளையின் உயிரில் நின்றது!

அப்புறம் யூதாவின் ராஜாவான எகொனியா. எரேமியா 22-இல் கோனியா என்று வருபவனும் இவன்தான். அவன் சந்ததியில் ஒருவனும் தாவீதின் சிங்காசனத்தில் வீற்றிருக்கமாட்டான் என்று தீர்ப்பு வந்தது, கி.மு. 597-இல் பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப் போனான். கதை முடிந்தது என்றுதான் நினைப்போம். ஆனால் பாபிலோனில் தோண்டியெடுத்த களிமண் பலகைகளில், யூதாவின் ராஜாவான இவனுக்கும் இவனுடைய ஐந்து மகன்களுக்கும் எண்ணெய் அளந்துகொடுத்த கணக்கு இருக்கிறது. எதிரியின் பண்டகசாலையே தாவீதின் வீட்டாருக்குப் படியளந்திருக்கிறது. கோனியா முத்திரை மோதிரமாக இருந்தாலும் கழற்றி எறிவேன் என்ற அதே தேவன், அவன் வழியில் வந்த செருபாபேலை முத்திரை மோதிரமாக வைப்பேன் என்கிறார் (ஆகாய் 2:23). எரேமியா 22:24-ஐயும் இந்த வசனத்தையும் அடுத்தடுத்து வாசியுங்கள், அவசரப்படாமல்.

படி 4: தெரியாத பெயர்களிலும் நில்லுங்கள்

அபியூத் முதல் யோசேப்பின் தகப்பன் யாக்கோபு வரை ஒன்பது பேர். இவர்கள் என்ன செய்தார்கள் என்று வேதத்தில் எங்கும் இல்லை. செருபாபேலுக்குப் பிந்திய சுமார் 500 வருஷத்தை இவர்கள்தான் தாண்டிவருகிறார்கள். சிங்காசனமும் இல்லை, கிரீடமும் இல்லை. கடைசியில் நிற்கிற யோசேப்பு ஒரு தச்சர். அப்படியும் வரிசை அறவில்லை. பலன் கண்ணில் படாமல் காத்திருப்பவர்களுக்கு இந்த ஒன்பது பெயர்களே போதும் என்பேன்.

படி 5: 16-ஆம் வசனம்

இங்கே "பெற்றான்" நின்றுவிடுகிறது. யோசேப்பு இயேசுவைப் பெற்றான் என்று மத்தேயு எழுதவில்லை. மரியாளிடத்தில் பிறந்தார் என்கிறார். எகொனியாவின் மேல் வந்த தீர்ப்பை மனதில் வைத்து இதை மறுபடி வாசியுங்கள்.

இது முடிந்தபிறகு லூக்கா 3-க்குப் போகலாம். அங்கே வரிசை சாலொமோன் வழியாக இல்லாமல், தாவீதின் இன்னொரு மகன் நாத்தான் வழியாகப் போகிறது. அதற்குப் புதிய பக்கம் ஒன்றை ஒதுக்கிக்கொள்ளுங்கள்.