நேட்டாலுக்குக் கப்பலேறிய கொள்ளுத்தாத்தாவின் ஊரைத் தேடுவது எப்படி?

1860 நவம்பர் 16 அன்று ‘ட்ரூரோ’ என்ற கப்பல் சென்னையிலிருந்து 342 பேரோடு, இன்றைய தென்னாப்பிரிக்காவின் நேட்டால் பகுதியிலுள்ள டர்பன் துறைமுகத்தை அடைந்தது. அன்று தொடங்கி 1911 வரை 1,52,184 பேர் ஒப்பந்தக் கூலிகளாக நேட்டாலுக்குப் போனார்கள். ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கினர் ஏறியது சென்னையில்தான். அவர்களுடைய கொள்ளுப்பேரப் பிள்ளைகள் இப்போது “எங்கள் ஊர் எது?” என்று தேடுகிறார்கள். தேடுகிறவர்களில் பலர் முதல் வேலையாக டிஎன்ஏ பரிசோதனைக்குப் பணம் கட்டிவிடுகிறார்கள். வேண்டாம், அதைக் கடைசியில் வைத்துக்கொள்ளலாம். முதலில் வேண்டியது ஒரு நம்பர்.

1. பெரியவர்களிடம் கேளுங்கள்

“நம்ம பூர்வீகம் எது?” என்று கேட்டால் “இந்தியா” என்றோ “மெட்ராஸ்” என்றோ பதில் வரும். மெட்ராஸ் கப்பலேறிய இடம். ஊர் வேறாக இருக்கும். அதனால் சுற்றி வளைத்துக் கேளுங்கள். குலதெய்வம் எது, கொள்ளுத்தாத்தா எந்தக் கரும்புத் தோட்டத்தில் வேலை பார்த்தார், அவரோடு கூடவே வந்தவர்கள் யார், மூத்த பேரனுக்கு யார் பெயர் வைத்தார்கள்? தாத்தா பெயரைப் பேரனுக்கு வைக்கும் பழக்கம் இங்கே கைகொடுக்கும், காலையும் வாரிவிடும். ஒரே குடும்பத்தில் மூன்று முனுசாமிகள் இருந்தால் ஒவ்வொருவருக்கும் பிறந்த ஆண்டைத் தோராயமாகவாவது குறித்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் பெட்டியைத் திறக்கச் சொல்லுங்கள். பழைய திருமணச் சான்றிதழ், பிறப்புப் பதிவு என்று எது இருந்தாலும் எடுத்துப் பாருங்கள். அதில் பெயருக்குப் பக்கத்தில் ஓர் எண் எழுதியிருக்கலாம். அதுதான் ‘கலோனியல் நம்பர்’. நேட்டாலில் இறங்கிய ஒவ்வொரு ஒப்பந்தக் கூலிக்கும் அரசு கொடுத்த பதிவெண் அது. பெயர் பத்து விதமாகத் திரிந்திருக்கும். நம்பரை வைத்துத் தேடினால் ஒரே ஆள்தான் வருவார்.

2. நம்பர் கிடைக்கவில்லையா?

இறந்தவர்களின் சொத்துக் கோப்புகளைப் பாருங்கள். தென்னாப்பிரிக்காவின் பீட்டர்மரிட்ஸ்பர்க் நகர ஆவணக் காப்பகத்தில் உள்ள இந்தக் கோப்புகளில் ஒரு பகுதியை, வம்சாவளி தேடுவோருக்கான ஃபேமிலிசர்ச் தளத்தில் இலவசமாகவே பார்க்கலாம். கோப்பின் ஆரம்பத்தில் ‘மரண அறிவிப்பு’ என்றொரு படிவம் இருக்கும். இறந்தவரின் பிறந்த இடம், பெற்றோர் பெயர், மனைவி, பிள்ளைகள் எல்லாம் அதில் வரும். பிறந்த இடத்தில் வெறும் ‘இந்தியா’ என்று எழுதிவிட்டுப் போயிருப்பார்கள், எரிச்சலாகத்தான் இருக்கும். ஆனால் பிள்ளைகளின் வரிசை அப்படியே கிடைத்துவிடும்.

3. கப்பல் பட்டியல்

டர்பனில் குவாசுலு-நேட்டால் பல்கலைக்கழகத்தின் காந்தி-லுத்துலி ஆவண மையம் இந்தப் பட்டியல்களைக் கணினியில் ஏற்றி வைத்திருக்கிறது. ஒரு வரியில் இருப்பவை இவை: நம்பர், பெயர், தகப்பன் பெயர், வயது, ஆணா பெண்ணா, சாதி, உயரம், ஜில்லா, தாலுகா, கிராமம், அங்க அடையாளம். ஒரே ஊரில் இரண்டு முனுசாமிகள் வந்தால், நெற்றித் தழும்பா முழங்கை மச்சமா என்பதை வைத்துக்கூடப் பிரித்துவிடலாம்.

தேடும்போது மூன்று விஷயங்களைக் கவனியுங்கள். குமாஸ்தா காதில் விழுந்ததை எழுதினார். முனுசாமி ‘மூன்சாமி’ ஆகியிருப்பார், குப்புசாமி ‘கூப்பூசாமி’ ஆகியிருப்பார். எழுத்தைப் பார்க்காமல் வாய்விட்டுப் படித்துப் பாருங்கள். அடுத்து, ஆள் கிடைத்ததும் முன்னும் பின்னும் உள்ள நம்பர்களைப் பாருங்கள். மனைவி, பிள்ளை, தம்பி அங்கேயே இருக்கலாம். மூன்றாவது, 1866 முதல் 1874 வரை ஆள் அனுப்புவது நின்றிருந்தது. “1870-ல் வந்தார்” என்பது வீட்டுக் கதை என்றால், ஆண்டைச் சந்தேகப்படுங்கள், கதையை அல்ல.

சொந்தச் செலவில் டிக்கெட் எடுத்து வந்தவர்கள் இந்தப் பட்டியலில் இருக்க மாட்டார்கள். நாயுடு, பிள்ளை, படையாட்சி போன்ற குடும்பப் பெயர் ஒன்றாக இருப்பதாலேயே உறவு என்றும் நினைத்துவிடாதீர்கள்.

4. அந்த ஊர் இன்று எங்கே?

‘வட ஆற்காடு’ என்றிருந்தால் இன்றைய வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர், திருவண்ணாமலை மாவட்டங்களோ ஆந்திரத்தின் சித்தூரோ, எதுவாகவும் இருக்கலாம். தாலுகாதான் பிடி. ‘வாண்டிவாஷ்’ என்றால் வந்தவாசி. தாலுகாவுக்குள் அதே பெயரில் இரண்டு மூன்று ஊர் இருந்தால் எல்லாவற்றையும் பட்டியலில் வையுங்கள். குலதெய்வக் கோயில் எந்த ஊரில் இருக்கிறது என்பது பெரும்பாலும் தேர்வைச் சுருக்கிவிடும். பங்காளிகள் அங்கேதான் கூடுவார்கள். பூசாரியிடமோ கோயில் வரிப் பட்டியல் வைத்திருப்பவரிடமோ பேசுங்கள். பழைய கிரயப் பத்திரங்களும் உதவும். அவற்றில் “இன்னார் குமாரர் இன்னார்” என்று தகப்பன் பெயரோடுதான் எழுதியிருப்பார்கள்.

5. இப்போது டிஎன்ஏ

ஆட்டோசோமல் பரிசோதனை, அதாவது தாய் வழி, தகப்பன் வழி இரண்டையும் சேர்த்துப் பார்க்கும் பரிசோதனை போதும். குழாயில் உமிழ்நீரோ, கன்னத்தின் உட்புறத்தைத் துடைத்த பஞ்சுக் குச்சியோ அனுப்ப வேண்டும். யார் கொடுப்பது என்பதுதான் முக்கியம். உங்கள் வீட்டில் இருக்கும் மூத்த தலைமுறையைக் கொடுக்கச் சொல்லுங்கள். கப்பலேறியவரின் பேத்தியும் ஊரில் தங்கிவிட்ட அவர் அண்ணனின் பேரனும் சராசரியாக 230 சென்டிமார்கன் (இருவருக்கும் பொதுவான டிஎன்ஏ எவ்வளவு என்று சொல்லும் அளவு) பகிர்வார்கள். அதுவே அவர்களின் பேரப்பிள்ளைகள் காலத்தில் சுமார் 35-க்கு இறங்கிவிடும். பாதிப் பேருக்குப் பொருத்தமே காட்டாது. பாட்டி இருக்கும்போதே எடுத்துவிடுங்கள்.

அடுத்ததுதான் நம்மவர்கள் சறுக்கும் இடம். அத்தை மகன், மாமன் மகள், அக்கா மகள் என்று தலைமுறை தலைமுறையாக முறையில் கட்டியிருக்கிறோம். இதனால் இரண்டு பேர் பல வழிகளில் உறவாக இருப்பார்கள், மொத்த அளவும் வீங்கிக் காட்டும். சென்டிமார்கனை வைத்து உறவைச் சொல்லும் வெளிநாட்டு அட்டவணை ‘இரண்டாம் தலைமுறை ஒன்றுவிட்ட உறவு’ (செகண்ட் கசின்) என்று சொன்னால் அப்படியே நம்பாதீர்கள். மொத்தத்தைப் பார்ப்பதைவிட, இருவருக்கும் இடைவெளியில்லாமல் பொருந்தும் டிஎன்ஏ துண்டுகளில் மிக நீளமானதைப் பாருங்கள். 90 சென்டிமார்கனில் பெரிய துண்டே 12 என்றால், அது பழைய உறவுகளின் சில்லறைச் சேர்க்கையாக இருக்கலாம். ஒரே துண்டு 45 என்றால் உட்கார்ந்து விசாரிக்கலாம். டிஎன்ஏ முடிவுகளை ஏற்றி ஒப்பிட உதவும் ஜெட்மேட்ச் தளத்தில், பரிசோதனை கொடுத்தவரின் பெற்றோர் உறவினரா என்று பார்க்கும் கருவி இருக்கிறது. அதை முதலிலேயே ஓட்டிப் பாருங்கள்.

பரிசோதனைக்கு முன் வீட்டில் பேசிவிடுங்கள். யாரும் எதிர்பார்க்காத தகப்பன் உறவு வெளியே வரலாம். உங்கள் தரவைப் போலீஸ் தேடலுக்குத் திறந்துவைப்பதா என்று தளம் கேட்டால், படித்துப் பார்த்துப் பதில் சொல்லுங்கள்.

ஊரிலிருந்து நேரடிப் பொருத்தம் வருவது அரிது, கிராமத்தில் யாரும் கிட் வாங்கப் போவதில்லை. மொரிஷியஸ், ஃபிஜி, மலேசியா போன உறவுகளின் வாரிசுகளே அதிகம் வருவார்கள். அவர்களுக்கு எழுதும்போது குடும்பக் கதையை நீட்டாதீர்கள். கொள்ளுத்தாத்தா பெயர், தகப்பன் பெயர், தாலுகா, கிராமம், கப்பல் ஏறிய ஆண்டு, குலதெய்வம் ஆகிய ஆறையும் நாலு வரியில் எழுதி, “உங்கள் பக்கம் இதில் எது தெரியும்?” என்று கேளுங்கள்.