எனாமல் பூசின பழைய காசு வாங்கறதுக்கு முன்னாடி

விக்டோரியா ராணி காலத்து வெள்ளிக்காசுல கலர் கலரா எனாமல் (சூட்டுல உருக்கி ஒட்டற கண்ணாடிப் பூச்சு) போட்டு, துணியில குத்திக்கிற ப்ரூச்சா மாட்டிக்கிற பழக்கம் இங்கிலாந்துல இருந்துச்சு, பர்மிங்காம் நகைத்தொழிலாளிங்க இதுல கில்லாடிங்க. புதுசா சேர்க்கறவங்க 1887 ஜூபிலி அரைக்கிரவுன்ல (ராணி பட்டத்துக்கு வந்த அம்பதாவது வருஷத்துக் காசு) ஆரம்பிங்க, பின்பக்கம் கேடயத்துல இங்கிலாந்து சிங்கங்களும் அயர்லாந்து யாழும் இருக்கும்.

முதல்ல பத்து மடங்கு லென்ஸ் வாங்குங்க, அது இல்லாம காசு வாங்கவே வேண்டாம். யாழை மட்டும் உத்துப் பாருங்க, ஒவ்வொரு நரம்பும் முடி மாதிரி வெள்ளியாவே நிக்கும், நடுவுல இருக்கிற இடத்தை மட்டும் உளியால தோண்டி, கண்ணாடிப்பொடியைக் குழைச்சு நிரப்பி, 700 டிகிரிக்கு மேல சுட்டு, அப்புறம் தேய்ச்சு மட்டமாக்கியிருப்பாங்க, கை கொஞ்சம் நழுவினாலும் நரம்பு போச்சு! எனக்கு இன்னிக்கும் அதைப் பார்த்தா உடம்பு சிலிர்க்கும்.

இப்போ பெயின்ட், ரெசின் ஊத்தின காசும் நிறைய விக்கறாங்க. தோண்டாம மேலயே பூசியிருந்தா கலர் மேடா, ஓரம் வழிஞ்ச மாதிரி தெரியும், அதை விட்டுடுங்க. நிஜ எனாமல் உடைஞ்சா கண்ணாடி மாதிரிதான் சில்லுசில்லா பெயர்ந்து வரும். சின்ன சில்லு போயிருந்தா பரவால்ல, விலை குறைச்சுக் கேளுங்க. ப்ரூச்சுக்காக ஒட்டின ஊசியைக் கழட்டின தழும்பு மறுபக்கம் ராணி முகத்துல இருக்கும், அது சகஜம்.

சுத்தம் பண்றேன்னு அல்ட்ராசோனிக் மெஷின்ல (ஒலி அதிர்வால நகை கழுவற மெஷின்) மட்டும் போட்டுடாதீங்க, விரிசல் இருந்தா எனாமல் உதிர்ந்துடும். மெத்துன்னு ஒரு துணியால லேசா துடைச்சு தனித்தனியா வைங்க.