வேலை, குடும்பத்தோடு அமெரிக்கக் கல்லூரியில் படிக்கப் போகிறவர்கள் நிதியுதவியைக் கோட்டைவிடும் இடங்கள்

முப்பத்தைந்து, நாற்பது வயதில் அமெரிக்காவில் மறுபடி கல்லூரிக்குப் போக நினைக்கும் நம்மவர்கள் பலர் முதலில் செய்கிற காரியம், இணையத்தில் ஸ்காலர்ஷிப் தேடுவது. ஐந்நூறு, ஆயிரம் டாலர் தருகிற அமைப்புகளுக்கெல்லாம் கட்டுரை எழுதி அனுப்பிவிட்டுக் காத்திருப்பார்கள். பெருந்தொகை இருக்கிற இடங்கள் வேறு: அரசின் நிதியுதவிக்கு விண்ணப்பிக்கும் ஃபாஃப்சா படிவம், கல்லூரியின் நிதியுதவி அலுவலகம், வேலை பார்க்கும் நிறுவனத்தின் எச்.ஆர். பிரிவு. இந்த மூன்றையும் எட்டிக்கூடப் பார்த்திருக்க மாட்டார்கள். பகுதிநேரமாகப் படிப்பவர்களுக்குப் பணம் கைநழுவுவது பல நேரங்களில் தகுதி இல்லாததால் அல்ல. எதை முதலில் செய்வது என்று தெரியாததாலும், எத்தனை கிரெடிட் (பாடத்தின் அளவைக் குறிக்கும் அலகு) எடுக்கிறோம் என்று யோசிக்காமல் பதிவு செய்வதாலும்தான்.

"இந்த வயசுல நமக்கு யார் தருவா?"

ஃபாஃப்சாவுக்கு வயது வரம்பே கிடையாது. சொல்லப்போனால் வயது கூடியவர்களுக்குப் படிவம் சுலபம். 2026–27 கல்வியாண்டுக்கு, 2003 ஜனவரி 1-க்கு முன் பிறந்த எவரும் பெற்றோரைச் சாராத மாணவர். அம்மா அப்பாவின் வருமானத்தைக் காட்ட வேண்டியதில்லை. திருமணமானவர் என்றால் எந்த வயதிலும் அப்படித்தான். ஆனால் கணவன் அல்லது மனைவியின் வருமானம் கணக்கில் வரும். இருவரும் சேர்ந்து வரி தாக்கல் செய்திருந்தால் துணைவர் தனியாக ஒன்றும் செய்ய வேண்டாம். தனித்தனியாகத் தாக்கல் செய்திருந்தால் அவரும் கணக்குத் தொடங்கி, வரித்துறையிலிருந்து தகவல் பெற ஒப்புதல் தர வேண்டும். அந்த ஒப்புதல் இல்லாவிட்டால் எவ்வளவு ஏழையாக இருந்தாலும் மத்திய அரசின் உதவி ஒரு காசும் வராது. படிவத்தில் எல்லாவற்றையும் சரியாக நிரப்பிவிட்டு இந்த ஒரு பெட்டியில் டிக் போடாமல் விட்டவர்கள் இருக்கிறார்கள்.

"வீட்டுக்காரர் நல்லா சம்பாதிக்கிறார், பெல் கிராண்ட் வராது, அப்புறம் எதுக்கு ஃபாஃப்சா?" என்பது அடிக்கடி கேட்கிற இன்னொரு வாதம். வருமானம் குறைந்தவர்களுக்கு மத்திய அரசு தரும், திருப்பிக் கட்டத் தேவையில்லாத பெல் உதவி வராமல் போகலாம். ஆனால் வருமானம் பார்க்காமல் தருகிற அரசுக் கல்விக்கடனுக்கும், பல மாநில உதவிகளுக்கும், கல்லூரியே தருகிற உதவித்தொகைகளுக்கும் இதே படிவம்தான் நுழைவாயில். கட்டணம் எதுவும் கிடையாது. ஃபாஃப்சா நிரப்பித் தருகிறோம் என்று பணம் கேட்கும் தளம் எதுவானாலும் மூடிவிட்டு, கல்வித்துறையின் ஸ்டூடன்ட் எய்ட் தளத்துக்கே நேராகப் போங்கள்.

விசா நிலை

இது நம்மவர்களுக்கு மட்டும் தனியாகச் சொல்ல வேண்டிய விஷயம். மத்திய அரசின் உதவி குடிமக்களுக்கும் கிரீன் கார்டு வைத்திருப்பவர்களுக்கும், அகதி போன்ற சில பிரிவினருக்கும் மட்டுமே. எச்-1பி வேலை விசா, அவர்களின் குடும்பத்தினருக்கான எச்-4, மாணவர்களுக்கான எஃப்-1 ஆகியவற்றில் இருப்பவர்களுக்குக் கிடையாது. கிரீன் கார்டுக்கு விண்ணப்பித்துவிட்டு ஈ.ஏ.டி. என்ற வேலை அனுமதி அட்டையோடு காத்திருப்பவர்களுக்கும் கிடையாது. வேலை செய்ய அனுமதி இருந்தால் உதவி வாங்கவும் அனுமதி உண்டு என்று நினைத்துவிடாதீர்கள். அவசரத்தில் 'குடிமகன்' என்ற விடையைத் தேர்ந்தெடுத்துவிட்டால் பின்னால் குடியேற்ற விவகாரத்தில் பெரிய சிக்கலாக வந்து நிற்கும்.

இதற்காக எச்-4-இல் இருப்பவர்கள் மனம் தளர வேண்டியதில்லை. எச்-4 விசாவிலேயே பகுதிநேரமாகப் படிக்கலாம். எஃப்-1-க்கு மாறினால்தான் முழுநேரமாகப் படித்தே ஆக வேண்டும் என்ற கட்டாயம் வருகிறது. பல மாநிலங்களில் எச்-4-இல் இருப்பவர்களும் அந்த மாநிலத்தவருக்கான குறைந்த கட்டணத்தில் சேரலாம். அந்தக் கட்டண வித்தியாசம் பல ஸ்காலர்ஷிப்புகளைவிடப் பெரிய தொகை. சேர்க்கை அலுவலகம் உங்களை வெளிமாநிலத்தவர் என்று பதிந்திருந்தால், அதை எதிர்த்துக் கேட்காமல் விடுவதுதான் இங்கே நடக்கிற தவறு.

ஊரில் வாங்கிய பட்டம்

பெல் கிராண்ட் முதல் இளங்கலைப் பட்டத்துக்கானது. இந்தியாவிலோ இலங்கையிலோ வாங்கிய பி.ஈ., பி.எஸ்சி. பட்டத்தை இங்கே எந்த நிறுவனமும் மதிக்கவில்லை என்று அலுத்துக்கொள்வோம். ஆனால் பெல்லுக்குத் தகுதி பார்க்கும்போது மட்டும் அதைப் பட்டமாகவே எடுத்துக்கொள்வார்கள்! இதை மறைத்து 'பட்டம் இல்லை' என்று போடுவது தவறு. பிறகு தெரியவந்தால் வாங்கிய பணத்தைத் திருப்பிக் கட்ட வேண்டும். அதே சமயம், மூன்றாண்டுப் பட்டம் அமெரிக்க இளங்கலைக்கு நிகரல்ல என்று மதிப்பீட்டு நிறுவனத்தின் அறிக்கை உங்களிடம் இருந்தால் அதை நிதியுதவி அலுவலகத்தில் காட்டிக் கேளுங்கள். முடிவு கல்லூரியின் கையில். கேட்டவர்களுக்குத்தான் அந்த முடிவும்.

ஒரு கிரெடிட்டின் விலை

பகுதிநேர மாணவருக்கு எல்லாமே இந்தக் கணக்கில்தான் இருக்கிறது. பெல் கிராண்டுக்கு 12 கிரெடிட் முழுநேரம். 2024–25 முதல், நீங்கள் எடுக்கும் கிரெடிட்டை 12-ஆல் வகுத்து வரும் சதவீதப்படி பெல் தருகிறார்கள். 2025–26-இல் அதிகபட்ச பெல் ஆண்டுக்கு 7,395 டாலர். அதிகபட்சத்துக்குத் தகுதி உள்ளவர் ஒரு செமஸ்டருக்கு 3 கிரெடிட் எடுத்தால் 25 சதவீதம்; ஆண்டுக்கு ஏறத்தாழ 1,850 டாலர். 7 கிரெடிட் என்றால் 58 சதவீதம். கிட்டத்தட்ட 4,290 டாலர். ஒரே ஒரு பாடம் எடுப்பவருக்கு ஒன்றும் கிடையாது என்று பரவலாக நம்புகிறார்கள். அது பெல்லைப் பொறுத்தவரை உண்மையில்லை.

கடன் கதை வேறு. அரசுக் கல்விக்கடன் வாங்கக் குறைந்தது அரைநேரம், அதாவது வழக்கமாக 6 கிரெடிட், வேண்டும். 5 கிரெடிட் எடுப்பவருக்குக் கடன் பூஜ்ஜியம். பழைய கல்விக்கடன் வைத்திருப்பவர் படிப்பதால் தவணை நிறுத்திவைக்கப்பட்டிருக்கிறது என்றால், அதுவும் இந்த 6-ஐ நம்பித்தான் நிற்கிறது. செமஸ்டர் நடுவே ஒரு பாடத்தை விட்டு 6-க்குக் கீழே இறங்கினால், புதுக் கடனுக்கான ஆறு மாத அவகாசம் அன்றே ஓடத் தொடங்கும். பிறகு தவணைக் கடிதம் வரும்போது "படிச்சுட்டுதானே இருக்கேன்" என்று குழம்பிப் பயனில்லை. 2026 ஜூலை முதல் இன்னொன்றும் சேர்கிறது: முழுநேரத்துக்குக் குறைவாகப் படிப்பவர்களுக்கு ஆண்டுக் கடன் வரம்பும் அதே விகிதத்தில் குறையும். பழைய தகவலை நம்பி வீட்டு வரவுசெலவு போட்டுவிட்டு நடுவில் தவிக்க வேண்டாம்.

இதைவிடக் கண்ணுக்குத் தெரியாத பொறி ஒன்று உண்டு. எடுக்கும் பாடம் உங்கள் பட்டத்துக்கோ சான்றிதழுக்கோ தேவையானதாக இருந்தால்தான் கிரெடிட் கணக்கில் சேரும். ஆசைக்கு எடுக்கும் யோகா வகுப்பும், ஆடிட் செய்யும், அதாவது கிரெடிட் வாங்காமல் கேட்க மட்டும் போகும், பாடமும் சேராது. "முதல்ல ரெண்டு பாடம் எடுத்துப் பார்ப்போம்" என்று பட்டப்படிப்பில் சேராத மாணவராகப் பதிந்துகொள்கிறவர்களுக்கு மத்திய அரசின் உதவி எதுவும் கிடைக்காது. விண்ணப்பப் படிவத்தில் பட்டமோ சான்றிதழோ தரும் பாடத்திட்டம் ஒன்றைத் தேர்ந்தெடுத்திருக்கலாம், பிறகு மாற்றிக்கொள்ளலாம். இந்த ஒரு சொடுக்கில் போகிற பணத்தைப் பார்த்தால் எரிச்சலாகத்தான் வருகிறது.

படிவத்தில் இருக்கும் வருமானம் வேறு, இன்றைய நிலைமை வேறு

2026–27 ஃபாஃப்சா 2024-இன் வரிக்கணக்கைப் பார்க்கும். படிப்பதற்காக வேலை நேரத்தைப் பாதியாகக் குறைத்தவருக்கும், போன மாதம் வேலை போனவருக்கும் படிவத்தில் பழைய சம்பளம்தான் தெரியும். வந்த முடிவைப் பார்த்துவிட்டுக் கையை விரித்துக்கொண்டு உட்காருவதுதான் இங்கே தவறு. நிலைமை மாறியதைக் காட்டி மறுபரிசீலனை கேட்டால் நிதியுதவி அலுவலர் எண்களை மாற்றியமைக்கச் சட்டமே அதிகாரம் கொடுத்திருக்கிறது. வேலை நீக்கக் கடிதம், கடைசிச் சம்பளச் சீட்டு, விவாகரத்து ஆவணம், பெரிய மருத்துவச் செலவின் ரசீது என எது இருக்கிறதோ அதை இணையுங்கள். உணர்ச்சிகரமாக நாலு பக்கம் எழுதுவதைவிட, எந்தத் தேதியிலிருந்து மாத வருமானம் எவ்வளவு குறைந்தது என்று நாலு வரியில் சொன்னால் அலுவலருக்கும் வேலை எளிது. குழந்தையை டேகேரில் விட்டுப் படிக்க வருகிறீர்கள் என்றால் அந்தச் செலவையும் படிப்புச் செலவுக் கணக்கில் சேர்க்கச் சொல்லலாம். பல பேர் கேட்பதே இல்லை.

பழைய மதிப்பெண் துரத்தும்

பதினைந்து வருடத்துக்கு முன் ஒரு கம்யூனிட்டி காலேஜில் சேர்ந்து, குழந்தை பிறந்ததும் சொல்லாமல் கொள்ளாமல் நின்றுவிட்டு, இப்போது அதே கல்லூரிக்குத் திரும்புகிறவர்கள் உண்டு. அன்றைய எஃப் கிரேடுகள் இன்றும் ஏட்டில் இருக்கும். பெரும்பாலான கல்லூரிகள் சராசரி 2.0, எடுத்த கிரெடிட்டில் 67 சதவீதம் தேர்ச்சி என்று அளவு வைத்திருக்கின்றன. அதற்குக் கீழே இருந்தால் உதவி நிறுத்தப்படும். மேல்முறையீடு செய்யலாம்; அன்று என்ன நடந்தது, இன்று எது மாறியிருக்கிறது என்ற இரண்டையும் சொல்ல வேண்டும். வகுப்பு தொடங்கிய பிறகு தெரிந்துகொள்வதற்குப் பதில், சேரும் முன்பே பழைய டிரான்ஸ்கிரிப்டை எடுத்துப் பார்த்துவிடுங்கள். கட்டாமல் விட்ட பழைய அரசுக் கடன் இருந்தாலும் இதே கதைதான்: அதைச் சரிசெய்யாமல் புதிய உதவி வராது.

இப்போதும் பாதியில் நிற்க நேர்ந்தால் தேதியைப் பாருங்கள். செமஸ்டரின் 60 சதவீதம் முடிவதற்குள் எல்லாப் பாடங்களையும் விட்டு விலகினால், படித்த நாட்களுக்கு உரிய பங்கு மட்டுமே உங்களுடையது. மீதியைக் கல்லூரி அரசுக்குத் திருப்பிவிட்டு உங்களிடம் பில் நீட்டும்.

கம்பெனிப் பணம்

நிறுவனம் ஆண்டுக்கு 5,250 டாலர் வரை கல்விச் செலவுக்குத் தந்தால் உங்களுக்கு வருமான வரி இல்லை. பல நிறுவனங்கள் வகுப்பு தொடங்கும் முன்பே ஒப்புதல் வாங்கியிருக்க வேண்டும் என்று வைத்திருக்கின்றன. முடித்துவிட்டு மார்க் ஷீட்டோடு போய் நின்றால் இல்லை என்பார்கள். எந்த கிரேடுக்கு மேல் வாங்க வேண்டும், படித்து முடித்து எத்தனை மாதம் அங்கேயே வேலை பார்க்க வேண்டும் என்பதையும் கையெழுத்துப் போடும் முன் படியுங்கள்.

ஸ்காலர்ஷிப் தேடுகிறவர்களுக்கு

பதினெட்டு வயதுப் பிள்ளைகளோடு போட்டி போடும் பொதுப் பட்டியல்களில் நேரத்தைத் தொலைக்காதீர்கள். உங்களைப் போன்றவர்களுக்கென்றே இருப்பவற்றைத் தேடுங்கள். ஜெனட் ராங்கின் நிதி 35 வயதோ அதற்கு மேலோ ஆன, வருமானம் குறைந்த பெண்களுக்கானது. பி.ஈ.ஓ. அமைப்பின் தொடர்கல்வி நிதி, படிப்பு குறைந்தது இரண்டாண்டு தடைப்பட்ட பெண்களுக்கு. உள்ளூர்க் கிளை ஒன்று பரிந்துரைக்க வேண்டும். ஓஷர் ரீஎன்ட்ரி உதவித்தொகையைச் சில பல்கலைக்கழகங்கள் மூலமாக, ஐந்தாண்டு இடைவெளிக்குப் பின் முதல் பட்டத்துக்குத் திரும்புகிறவர்களுக்குத் தருகிறார்கள். மாநிலத் திட்டங்கள் இவற்றைவிடப் பெரியவை. டென்னசி ரீகனெக்ட், மிச்சிகன் ரீகனெக்ட் இரண்டும் பட்டம் இல்லாத பெரியவர்களுக்குக் கம்யூனிட்டி காலேஜ் கட்டணத்தை ஏற்கின்றன. டென்னசியில் செமஸ்டருக்கு 6 கிரெடிட் கட்டாயம். கலிஃபோர்னியாவில் காலேஜ் பிராமிஸ் கிராண்ட் கிடைத்தால் கம்யூனிட்டி காலேஜின் யூனிட்டுக்கு (கிரெடிட்டுக்கு அங்கே அந்தப் பெயர்) 46 டாலர் கட்டணம் தள்ளுபடி. எத்தனை யூனிட் எடுத்தாலும் சரி.

விதிமுறையில் 'முழுநேரம்' என்ற சொல் இருக்கிறதா என்று முதலில் பார்த்துவிட்டுக் கட்டுரை எழுத உட்காருங்கள். கிடைத்த ஸ்காலர்ஷிப்பைக் கல்லூரிக்குத் தெரிவிக்கும்போது, அதற்கு ஈடாக எதைக் குறைப்பார்கள் என்று கேளுங்கள். கடனைக் குறைக்கச் சொல்லலாம்; கிராண்டைக் குறைத்தால் உங்களுக்கு லாபமே இல்லை.

வரி தாக்கல் செய்யும்போது

அமெரிக்கன் ஆப்பர்ச்சூனிட்டி கிரெடிட் என்ற வரிச்சலுகை 2,500 டாலர் வரை தரும். ஆனால் அரைநேரமாவது படித்திருக்க வேண்டும், முதல் நான்காண்டுப் படிப்புக்கு மட்டும். அதற்குப் பொருந்தாதவர்கள் அத்தோடு விட்டுவிடுகிறார்கள். லைஃப்டைம் லேர்னிங் கிரெடிட் ஒரே ஒரு பாடம் படித்தவருக்கும், முதுகலை படிப்பவருக்கும் உண்டு: கட்டிய முதல் 10,000 டாலரில் 20 சதவீதம், அதிகபட்சம் 2,000. சேர்ந்து தாக்கல் செய்யும் தம்பதிக்கு 1,60,000 டாலர் வருமானத்திலிருந்து குறையத் தொடங்கி 1,80,000-இல் நின்றுவிடும். தனித்தனியாகத் தாக்கல் செய்யும் தம்பதிக்கு இரண்டுமே கிடையாது. கம்பெனி கட்டிய தொகையை இதில் மறுபடி காட்டக் கூடாது. கட்டணக் கணக்கைக் காட்டிக் கல்லூரி அனுப்பும் 1098-டி படிவம் ஜனவரி கடைசிக்குள் மாணவர் தளத்தில் ஏறிவிடும். தபாலில் வரட்டும் என்று காத்திருக்காமல் நீங்களே போய் எடுத்துக்கொள்ளுங்கள்.