மலிவு கிராங்க்: சத்தம் நின்ற விதம்

கரோசல் விற்பனைத் தளத்தில் கிடைத்த பழைய ரோடு சைக்கிள் கிராங்க் (மிதியைத் தாங்கும் கை): 165 மி.மீ. கை, பல்சக்கரம் மாட்ட 130 மி.மீ. வட்டத்தில் ஐந்து துளை. ஃபிக்ஸியில் (பின்சக்கரத்தோடு மிதியும் சேர்ந்தே சுற்றும் சைக்கிள்) வளைவிலும் மிதி சுற்றிக்கொண்டே இருக்கும். 170-ஐ விட 165 தரையில் தட்டுவது குறைவு.

மாட்டியதும் மிதிக்கு ஒரு 'டக்'. காரணம் போல்ட். இரட்டைப் பல்சக்கரத்துக்கான நீள போல்ட்டில் ஒற்றைச் சக்கரம் போட்டால், போல்ட் அடிவரை இறங்கி நின்றுவிடும், சக்கரம் மட்டும் இறுகாது. ஒற்றைக்கான குட்டை போல்ட் ஐந்து போட்டதும் சத்தம் போனது. வாஷர் வைத்து ஒப்பேற்றலாம். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை.

அடுத்தது செயின் கோணல். சைக்கிள் சட்டத்தின் நடுக்கோட்டிலிருந்து பின் பல்சக்கரம் 42 மி.மீ., முன்னது 47. பிபி அச்சை (இரு கிராங்க் கைகளையும் இணைக்கும் தண்டு) 113-இலிருந்து 103 மி.மீ. ஆக்கினேன், பக்கத்துக்கு 5 உள்ளே வந்து நேரானது. சட்டத்தில் பல் உரசாதா என்று முதலில் அளந்துகொள்ளுங்கள்.

வாங்கும்போது இடப்பக்கக் கிராங்க் கையின் சதுரத் துளையை டார்ச் அடித்துப் பாருங்கள். மூலை உருண்டிருந்தால் இலவசமாகத் தந்தாலும் வேண்டாம். தளர்ந்தபடி ஓட்டியதில் அலுமினியம் தேய்ந்தது அது, எவ்வளவு இறுக்கினாலும் நிற்காது. துளை ஜேஐஎஸ்ஸா ஐஎஸ்ஓவா (சதுர அச்சின் இரு அளவு முறைகள்) என்றும் கேளுங்கள்; ஐஎஸ்ஓ கிராங்க் ஜேஐஎஸ் அச்சில் சுமார் 4.5 மி.மீ. வெளியே நிற்கும்.

கிராங்க் கையை அச்சோடு பிடிக்கும் போல்ட்டின் இறுக்கம் 35–40 நியூட்டன் மீட்டர். முதல் சில ஓட்டத்துக்குப் பின் மறுபடி பாருங்கள்; பின்னழுத்தி வேகம் குறைப்பவர்களுக்கு இடப்பக்கம் சீக்கிரம் தளரும். 2021 செப்டம்பர் முதல் இங்கே சிங்கப்பூரில் கைபிரேக் ஒன்றாவது கட்டாயம், அதற்கும் காசு ஒதுக்குங்கள்.