அடைமழையில் வாட்டர்கலர்: ஓதம் ஏறிய வீட்டில் ஒரு படம்

ராயபுரத்தில் கடலுக்கு இரண்டு தெரு தள்ளி என் வீடு. ஐப்பசி பிறந்துவிட்டால் சுவரில் ஓதம் ஏறும், உப்பு ஜாடி கசியும், அப்பளம் நமுத்துப்போகும். காகிதம் மட்டும் தப்புமா?

அதனால் முதல் வேலை காகிதத்தைச் சோதிப்பது. 300 ஜிஎஸ்எம்முக்குக் (ஒரு சதுர மீட்டர் தாளின் எடை 300 கிராம்) குறைவானது வேண்டாம், இந்த ஈரத்தில் சுருண்டுகொள்ளும். ஓரத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர் விடுங்கள். முத்து மாதிரி நின்றால் சரி, உடனே உறிஞ்சினால் காகிதத்தில் ஏற்றியிருக்கும் பசை (பல காகிதங்களில் அது ஜெலட்டின்) ஈரத்தில் கெட்டுவிட்டது என்று அர்த்தம், அதில் வண்ணம் வைத்தால் திட்டுத்திட்டாகப் படியும். மலிவாகக் கிடைக்கிறதே என்று பாரிமுனையில் மொத்தமாக முப்பது தாள் வாங்கிப் பரணில் போட்டு, கார்த்திகையில் எடுத்துப் பார்த்தபோது பாதி போயிருந்தது. இப்போது பிளாஸ்டிக் உறையில் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு பீரோவில் வைக்கிறேன்.

அடுத்து, தாளின் நான்கு ஓரத்தையும் பலகையில் டேப் போட்டு ஒட்டுங்கள். வரைவதற்கு ஜன்னலே போதும்: காசிமேட்டுப் படகுகள், சாம்பல் வானம்.

வானத்தை முதலில் போடுங்கள். பிரஷ்ஷை வழக்கத்தைவிட ஒரு முறை கூடுதலாகத் துணியில் ஒற்றி எடுங்கள், ஏனென்றால் இங்கே தாள் தானாகவே ஈரமாகத்தான் இருக்கிறது. பிறகு காத்திருக்க வேண்டும், இதில்தான் புதியவர்கள் எல்லோரும் கோட்டை விடுகிறார்கள். மேலே பளபளப்பு போனதும் காய்ந்துவிட்டது என்று படகை வரையத் தொடங்கினால் வண்ணம் ஓடிக் காலிஃபிளவர் மாதிரிப் பூத்துவிடும். புறங்கையைத் தாளில் லேசாக வைத்துப் பாருங்கள். சில்லென்று இருந்தால் உள்ளே இன்னும் ஈரம் இருக்கிறது. வெயில் காலத்தில் பத்து நிமிஷத்தில் காய்வது, மழையில் முக்கால் மணி நேரம்கூட ஆகும். டீ போடுங்கள்.

அவசரம் என்றால் ஹேர் டிரையர். ஆனால் பளபளப்பு இருக்கும்போது வேண்டாம், காற்று வண்ணத்தைத் தள்ளிவிடும். ஓர் அடி தள்ளிப் பிடித்து ஆட்டிக்கொண்டே இருங்கள், ஈரக் கையோடு பிளக்கைத் தொடாதீர்கள். உப்புத் தூவிப் புள்ளி எடுக்கும் வித்தையை தை மாதத்துக்கு ஒத்திவைக்கலாம், இந்த ஈரத்தில் எனக்கு அது ஒருநாளும் சரியாக வந்ததில்லை.

வானம் நன்றாகக் காய்ந்ததும் படகு, அப்புறம் கயிறு, கடைசியாகக் கொடி. டேப்பை அன்றைக்கே எடுத்துவிடுங்கள். நாளாக ஆகத் தாளோடு உரிந்து வரும். லேசாகச் சூடு காட்டி, படத்துக்கு வெளிப்பக்கமாகச் சாய்த்து இழுத்தால் ஓரம் கிழியாது.

பேலட்டை, அதாவது வண்ணத் தட்டை, ஈரத்தோடு மூடாதீர்கள், வண்ணத்தில் இருக்கும் பிசினில் பூசணம் பிடிக்கும். ஃபேனுக்கு அடியில் திறந்தே காய விட்டு, மேலே சோறு மூடும் வலைக்கூடையைக் கவிழ்த்துவிடுங்கள். போன மழையில் நான் கவிழ்க்கவில்லை, பல்லி ஒன்று நீலத்தில் நடந்துவிட்டுச் சுவர் ஏறியது.